கரிசல் வெயிலும் லேயர் மாஸ்க்கும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் வழியில், சித்திரை மாதத்து உச்சிவேளையில் எடுக்கும் எந்தப் புகைப்படத்திலும் ஒரே சிக்கல் வந்து நிற்கும். மேலே வானம் வெளுத்துக் கண்ணைக் கூச வைக்கும். கீழே கரிசல் மண் விழுகிற வெளிச்சத்தையெல்லாம் விழுங்கிக்கொள்ளும். நடுவே வேம்பின் நிழலில் நிற்கும் மனிதரின் முகம் இருண்டு கிடக்கும். நேரில் பார்க்கிறவருக்கு இதில் சிரமமே இல்லை. வானத்தைப் பார்க்கும்போது கண்ணின் பாவை சுருங்குகிறது, நிழலைப் பார்க்கும்போது விரிகிறது. மூளை இரண்டையும் இணைத்து ஒரே காட்சியாகத் தந்துவிடுகிறது. கேமராவுக்கு அந்த வசதி கிடையாது. ஷட்டர் ஒருமுறை திறந்து மூடுவதற்குள் படம் முழுமைக்கும் ஒரே அளவில்தான் அது வெளிச்சத்தை வாங்கும். வானத்துக்கு அளவு வைத்தால் முகம் கறுக்கும். முகத்துக்கு அளவு வைத்தால் வானம் வெற்றுத்தாளாகும். அதனால் பிறகு கணினியில் திருத்தும்போது வானத்துக்கு ஒரு திருத்தமும் முகத்துக்கு வேறொரு திருத்தமும் தேவைப்படுகின்றன. ஒன்று எங்கே முடிகிறது, மற்றது எங்கே தொடங்குகிறது என்பதை மென்பொருளுக்கு யாராவது சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லும் கருவிதான் லேயர் மாஸ்க்.

படத்தை அழகாக்கும் உத்திகளில் ஒன்றாகவே இதைப் பலரும் கற்றுக்கொள்கிறார்கள், கற்றும் கொடுக்கிறார்கள். அதன் மதிப்பு அதைவிடப் பெரிது. கேமரா பதிவு செய்தது ஒன்று. அதைப் பற்றித் திருத்துபவர் எடுத்த முடிவு இன்னொன்று. பிக்சல்களைத் துடைத்தழிக்கும் எரேசர் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. மாஸ்க் இரண்டையும் தனித்தனியே வைக்கிறது. முடிவு தவறாகப் போனால் முடிவை மட்டும் மாற்றலாம். பதிவுக்கு ஒரு கீறலும் விழாது. கல்யாண ஆல்பத்துக்கும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்கும் இது பொருந்துகிறது. இந்த வறண்ட பூமியின் கண்மாய்களில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று விண்ணிலிருந்து கணக்கிடும் செயற்கைக்கோள் படத்துக்கும் அப்படியே பொருந்துகிறது. ஆகவே படத்தைத் திருத்துகிற எவரும் அழிக்கும் பழக்கத்தை விட்டு மறைக்கும் பழக்கத்துக்கு வர வேண்டும் என்பதே இங்கே முன்வைக்கும் வாதம்.

மாஸ்க் எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். டிஜிட்டல் படம் என்பது எண்களின் கட்டம். ஒவ்வொரு புள்ளியும், அதாவது ஒவ்வொரு பிக்சலும், சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களுக்கு மூன்று எண்களை வைத்திருக்கிறது. சாதாரண ஜேபெக் கோப்பில் ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை போகும். 0 முழு இருட்டு, 255 முழு வெளிச்சம். எரேசரால் ஒரு பகுதியைத் துடைத்துச் சேமித்து மூடினால் அந்தப் பிக்சல்களின் எண்கள் போய்விட்டன. அவற்றைத் திரும்பப் பெற வழியில்லை. லேயர் மாஸ்க் அந்த எண்களைத் தொடுவதே இல்லை. படத்தின் அதே நீள அகலத்தில், கறுப்பும் வெள்ளையும் சாம்பலும் மட்டுமே கொண்ட இரண்டாவது படம் ஒன்றை அது அந்த லேயரோடு, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய படங்களில் ஒன்றோடு, இணைத்து வைக்கிறது. மாஸ்க்கில் வெள்ளையாக இருக்கும் இடத்தில் மேல் லேயர் தெரியும். கறுப்பாக இருக்கும் இடத்தில் மேல் லேயர் மறைந்து கீழ் லேயர் தெரியும். சாம்பல் இருக்கும் இடத்தில் இரண்டும் அந்தச் சாம்பலின் அளவுக்கேற்பக் கலந்து தெரியும்.

இந்தக் கலப்புக்குப் பள்ளிக்கூடக் கூட்டல் பெருக்கலே போதும். மேல் லேயரில் ஒரு பிக்சலின் அளவு 240, கீழ் லேயரில் அதே இடத்தில் 80 என்று வைத்துக்கொள்வோம். மாஸ்க் அங்கே கால் பங்கு வெளுப்பாக இருந்தால் 240-இல் கால் பங்கு 60, 80-இல் முக்கால் பங்கு 60, ஆக மொத்தம் 120 திரையில் தெரியும். வெள்ளைப் பிரஷ்ஷை எடுத்து அதே இடத்தில் தீட்டினால் 240 தெரியும். கறுப்புப் பிரஷ்ஷால் தீட்டினால் 80 தெரியும். எத்தனை முறை மாற்றினாலும் கோப்புக்குள் 240 என்ற எண்ணும் 80 என்ற எண்ணும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மாறுவது மாஸ்க்கின் எண் மட்டும். எத்தனை பொத்தான்கள், எத்தனை பேனல்கள் புதிதாக வந்தாலும் அடியில் நடப்பது இந்த ஒரு கணக்குதான்.

மறைத்துத் திருத்தும் எண்ணம் கணினியோடு வந்ததல்ல. மதுரைச் சுங்குடிச் சேலையில் துணியைச் சின்னச் சின்ன முடிச்சுகளாக நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்குகிறார்கள். கட்டுப்பட்ட இடத்தில் சாயம் ஏறாது. முடிச்சை அவிழ்த்தால் அங்கே புள்ளி பூத்திருக்கும். முடிச்சின் ஓரத்தில் சாயம் கொஞ்சம் கசிந்து மங்கிய வளையம் விழுவதும் உண்டு. வெள்ளை, கறுப்பு, இடையில் சாம்பல் என்று மாஸ்க் செய்யும் மூன்று வேலைகளும் அந்த ஒரு புள்ளியில் இருக்கின்றன. ஒரே வேறுபாடு, சாயம் ஏறிய பிறகு முடிச்சு போட்ட இடத்தை மாற்ற முடியாது. பழைய இருட்டறைப் புகைப்படக் கலைக்கும் இதே கட்டுப்பாடு இருந்தது. இங்கிலாந்தின் ஹென்றி பீச் ராபின்சன் 1858-இல் ஐந்து தனித்தனி நெகட்டிவ்களை இணைத்து ஒரே படமாக்கினார். நோயுற்ற இளம்பெண்ணும் அவளைச் சூழ்ந்த குடும்பமுமாக அது ஒரே நேரத்தில் எடுத்த படம் போலவே தெரிந்தது. ஒரு நெகட்டிவை அச்சிடும்போது மற்றவற்றின் இடத்தை வெளிச்சம் படாமல் மறைக்க வேண்டும். கை கொஞ்சம் பிசகினால் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களிலும் இந்தக் கைவேலை நடந்தது. நெகட்டிவின் மீது கூர்மையான பென்சிலால் மெல்லத் தீட்டினால் அந்த இடம் வெளிச்சத்தைக் குறைவாக விடும். அச்சில் அது வெளுப்பாக விழும். முகச் சுருக்கங்களும் அம்மைத் தழும்புகளும் இப்படித்தான் மறைந்தன. வெளிச்சம் புகாத சாயத்தைப் பின்னணியில் பூசினால் அச்சில் பின்னணி வெள்ளையாகிவிடும். இறந்துபோனவரை உயிரோடிருப்பவர் பக்கத்தில் உட்கார வைத்த குடும்பப் படங்களும் வெட்டி ஒட்டி மறுபடி படமெடுத்து உருவாக்கப்பட்டன. இத்தகைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி எடுத்து டிஜிட்டலாக்கும் பணியைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், அழிவின் விளிம்பிலுள்ள ஆவணங்களுக்கான பிரிட்டிஷ் நூலகத் திட்டத்தின் உதவியோடு செய்திருக்கிறது. சினிமாவிலும் இதே வழிதான். இரட்டை வேடக் காட்சிக்கு லென்ஸின் ஒரு பாதியை மறைத்து நடிகரை ஒரு பக்கம் நிற்க வைத்துப் படமெடுப்பார்கள். பிறகு பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியை மறைத்து, அதே நடிகரை எதிர்ப்பக்கம் நிறுத்தி மறுபடி எடுப்பார்கள். மாடர்ன் தியேட்டர்ஸ் 1940-இல் எடுத்த ‘உத்தமபுத்திர’னில் பி.யூ. சின்னப்பா இரட்டை வேடத்தில் வந்தார். அந்தக் காலம் தொட்டு இரட்டை வேடங்களுக்கு இப்படி எடுத்த காட்சியை மாஸ்க் ஷாட் என்றே சினிமாக்காரர்கள் சொல்லிவந்தார்கள். இரண்டு பாதிகள் சேரும் கோட்டை நடிகர் தாண்டிவிட்டால் கை காற்றில் மறையும். திருத்த வழியில்லை, மறுபடி எடுக்க வேண்டும்.

கணினி இந்தக் கட்டுப்பாட்டை எப்படி உடைத்தது என்பது கவனிக்க வேண்டிய வரலாறு. 1970-களின் பிற்பகுதியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் இருவரும் ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலத்தோடு நான்காவது எண் ஒன்றைச் சேர்த்தார்கள். அதற்கு ஆல்ஃபா என்று பெயர். அந்தப் பிக்சலை அந்தப் பொருள் எவ்வளவு மூடியிருக்கிறது என்பதே அந்த எண். தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் என்ற இருவர் இத்தகைய படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கலப்பதற்கான முழுக் கணக்கையும் 1984-இல் எழுதி வெளியிட்டார்கள். இந்த நால்வருக்கும் 1996-இல் ஆஸ்கர் விருதுகளை வழங்கும் அகாதமி தன் தொழில்நுட்ப விருதை அளித்தது. 1990-இல் வந்த போட்டோஷாப், 1994-இல் வெளியான தன் மூன்றாம் பதிப்பில் லேயர்களைக் கொண்டுவந்தது. இலவச மென்பொருளான கிம்ப்பும் பின்னர் லேயர்களையும் மாஸ்க்கையும் தந்தது. முன்பு பெரிய ஸ்டுடியோக்களுக்கு மட்டுமே கைகூடிய வேலை, இன்று ஒரு கணினியும் ஒரு மவுஸும் உள்ள எந்தச் சிற்றூர்க் கடைக்கும் கைகூடுகிறது. கைகூடியதில் முக்கியமானது, தவறு செய்துவிட்டுத் திரும்பி வரும் உரிமை.

இந்த உரிமை எங்கே உதவுகிறது என்பதைத் திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய்க்கரை ஒன்றை வைத்துப் பார்க்கலாம். கரைமேல் வரிசையாகப் பனைமரங்கள். சரிவில் சீமைக் கருவேலம். பின்னால் வெளுத்த வானம். வானத்தின் அடர்த்தியைக் கூட்டித் தரையை வெளிச்சமாக்க வேண்டும். பிரஷ்ஷால் வானத்தைச் சுற்றி வரைய முயன்றால் கரை வரைக்கும் எளிது. பனையோலையை எட்டியதும் கை நின்றுவிடும். ஓலையின் ஒவ்வொரு கீற்றுக்கும் இடையில் வானம் தெரிகிறது. கருவேலத்தின் பொடி இலைகளுக்கு இடையிலோ ஆயிரக்கணக்கான துளைகள். எந்தக் கையும் இதை வரைந்து முடிக்காது. அனுபவசாலிகள் இங்கே படத்தையே தனக்கான மாஸ்க்காக மாற்றிவிடுவார்கள். மண்ணும் மரமும் நீல நிறத்தைக் குறைவாகவே திருப்பி அனுப்புகின்றன. வானம் நீலத்தில் நன்றாக ஒளிர்கிறது. ஆகவே மூன்று நிறங்களுக்கான சேனல்களில் நீலத்தை மட்டும் நகலெடுத்து, அதன் கருமையையும் வெண்மையையும் இரு பக்கமும் தள்ளினால், வானம் வெள்ளையாகவும் பனையும் கரையும் கறுப்பாகவும் பிரிந்து வரும். அதை மாஸ்க்காகப் போட்டால் கீற்றுகளுக்கு இடையிலான ஒவ்வொரு துளையும் தானாக வந்து அமரும்.

அதோடு வேலை முடிந்துவிடாது. மாஸ்க்கின் ஓரம் எவ்வளவு கூர்மையாக இருக்க வேண்டும் என்பதைப் படத்திலுள்ள ஓரம்தான் தீர்மானிக்க வேண்டும். அருகிலுள்ள ஓலையின் நுனி கூர்மையானது. அங்கே மாஸ்க்கை ஃபெதர் செய்து மழுக்கினால் ஓலையைச் சுற்றி வெள்ளை வளையம் கட்டும். தொலைவிலுள்ள கரைக்கோடு வெப்பக் காற்றிலும் புழுதியிலும் மங்கித்தான் தெரியும். அங்கே மாஸ்க் கூர்மையாக இருந்தால் கத்தரித்து ஒட்டியது போலாகும். ஒரே படத்தில் இரண்டு வகை ஓரம். வானத்துக்கு ஒன்று, தரைக்கு ஒன்று என இரண்டு படங்களை அடுத்தடுத்து எடுத்து இணைக்கலாம் என்றால் காற்று குறுக்கே வருகிறது. முதல் படத்தில் இருந்த இடத்தில் இரண்டாம் படத்தில் ஓலை இருக்காது. அதனால் கேமரா பதிவு செய்தபடியே இருக்கும் ரா கோப்பு ஒன்றையே இருமுறை, ஒருமுறை வானத்துக்கும் ஒருமுறை தரைக்குமாகத் திறந்து, மாஸ்க்கால் இணைப்பதே இங்கே ஏற்ற வழி. இப்படி ஒவ்வோர் ஓரத்திலும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. அச்சிட்டுப் பார்த்த பிறகே அவற்றில் பாதி தவறென்று தெரியவரும். எரேசரால் செய்திருந்தால் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டும். மாஸ்க்கில் செய்திருந்தால் அந்த ஓரத்தில் மட்டும் பிரஷ்ஷை வைத்தால் போதும்.

இதைவிடக் கனமான இன்னொரு வேலை இந்த ஊர்களின் ஸ்டுடியோக்களுக்கும் பிளக்ஸ் கடைகளுக்கும் அடிக்கடி வருகிறது. ஒரு பெரியவர் இறந்துபோகிறார். தனியாக எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. யாரோ ஒருவரின் கல்யாண வீட்டில், வெள்ளையடித்த சுவருக்கு முன்னால், பத்துப் பேரோடு நிற்கும் படம் ஒன்று மட்டும் கிடைக்கிறது. மறுநாள் காலைக்குள் சுவரொட்டி வேண்டும். பதினாறாம் நாளுக்குள் சட்டமிட்ட படம் வேண்டும். நரைத்த முடி வெள்ளைச் சுவரோடு கலந்திருக்கிறது. தோளில் பக்கத்தில் நிற்பவரின் கை விழுந்திருக்கிறது. அவசரத்தில் எரேசரால் பின்னணியைத் துடைத்தால் தலையின் விளிம்பும் காது மடலும் துண்டின் ஓரமும் அதோடு போய்விடும். படத்தைப் பார்த்த வீட்டார், பெரியவர் தோளில் எப்போதும் கிடந்த துண்டு எங்கே என்று கேட்டால், கடைக்காரரிடம் பதில் இருக்காது. மாஸ்க்கில் செய்திருந்தால் துண்டு கோப்புக்குள்ளேயே இருக்கும்; வெள்ளைப் பிரஷ் அதை நிமிடத்தில் திருப்பிக் கொடுக்கும். அந்தக் குடும்பத்துக்கு அவருடைய முகம் எஞ்சியிருப்பது அந்த ஒரு படத்தில்தான். அதைத் தொட்டுத் திருத்துகிறவர் திரும்பி வரும் வழியைத் திறந்து வைத்திருப்பது கடமை.

இதற்கு முதல் எதிர்ப்பு தொழிலிலிருந்தே வரும். முகூர்த்த மாதத்தில் ஒரு கல்யாணத்துக்கே ஆயிரக்கணக்கில் படங்கள் குவிகின்றன. ஒவ்வொன்றுக்கும் லேயர், மாஸ்க் என்று உட்கார நேரம் ஏது, கோப்பும் பெருத்துப்போகுமே என்பார்கள். நியாயமான கவலைதான், ஆனால் கணக்கிட்டுப் பார்த்தால் அது சுருங்கிவிடுகிறது. 24 மெகாபிக்சல் படம் ஒன்று மூன்று நிறங்களோடு, சுருக்காத நிலையில், சுமார் 72 மெகாபைட். அதற்கான மாஸ்க் ஒரே ஒரு எண்ணை மட்டும் வைத்திருப்பதால் 24 மெகாபைட். அதிலும் மாஸ்க்கின் பெரும்பகுதி தொடர்ச்சியான கறுப்பும் தொடர்ச்சியான வெள்ளையுமாக இருப்பதால் சேமிக்கும்போது மிகச் சிறியதாகச் சுருங்கிவிடும். வெளிச்சத்தையும் நிறத்தையும் மட்டும் மாற்றும் அட்ஜஸ்ட்மென்ட் லேயருக்குச் சொந்தமாகப் பிக்சலே கிடையாது; சில எண்களும் ஒரு மாஸ்க்கும்தான். எல்லாப் படங்களுக்கும் மாஸ்க் தேவையும் இல்லை. எங்கே எரேசரை எடுக்கத் தோன்றுகிறதோ அங்கே மாஸ்க்கை எடுத்தால் போதும். இரண்டுக்கும் பிடிக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றே. வாடிக்கையாளர் ஒரு திருத்தம் கேட்டுத் திரும்பி வரும் நாளில் மிச்சமாகும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால், மாஸ்க்தான் விரைவான வழி.

இரண்டாவது எதிர்ப்பு அறம் சார்ந்தது. மாஸ்க்கால் இல்லாததை இருப்பதாகக் காட்டுவது எளிதாகிறது. பொய்க்குக் கூர்மையான ஆயுதம் கொடுத்தது போலாகாதா என்ற கேள்வி. படங்கள் பொய் சொன்ன வரலாறு உண்மைதான். நேஷனல் ஜியாகிரஃபிக் 1982 பிப்ரவரி இதழின் அட்டையில், படம் சட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்பதற்காகக் கீசாவின் பிரமிடுகளை டிஜிட்டல் முறையில் நெருக்கி வைத்தது; கடும் கண்டனம் எழுந்தது. பெய்ரூட்டில் குண்டுவீச்சுக்குப் பின் எழுந்த புகையை அதிகமாக்கிக் காட்டிய ஒரு படம் அகப்பட்டதும், ராய்ட்டர்ஸ் 2006-இல் அந்தப் புகைப்படக்காரரின் 920 படங்களைத் தன் விற்பனைத் தொகுப்பிலிருந்து நீக்கியது. முதல் சம்பவம் நடந்தபோது போட்டோஷாப்பே பிறக்கவில்லை. இரண்டாவதில் நடந்தது புகையின் ஒரு பகுதியை நகலெடுத்து அதே படத்தின் மேல் பதித்த வேலை. பொய்க்கு மாஸ்க் தேவைப்படவில்லை. நம் ஸ்டுடியோக்களில் கறுத்த முகங்களைக் கேட்காமலே வெளுக்க வைத்த பழக்கத்துக்கும் அது தேவைப்படவில்லை; நெகட்டிவின் மேல் ஒரு பென்சிலே போதுமானதாக இருந்தது.

அப்படியானால் மாஸ்க் இந்தச் சிக்கலில் என்ன மாற்றுகிறது? திருத்தத்தை விசாரிக்க வழி செய்கிறது. எங்கே, எவ்வளவு, எந்தத் திருத்தம் என்பதை லேயரோடு கூடிய கோப்பு காட்டிவிடும். மாஸ்க்கை ஒரு சொடுக்கில் நிறுத்திவைத்தால் மூலம் தெரியும். மாஸ்க்கை மட்டும் திரையில் போட்டால் கை வைத்த இடமெல்லாம் வெள்ளையாகத் தெரியும். கடைசியில் எல்லாம் ஒன்றாக்கப்பட்டு ஜேபெக்காகத்தானே வெளியே போகிறது, பார்ப்பவர் கையில் என்ன இருக்கிறது என்று திருப்பிக் கேட்கலாம். வெளியே போகும் படத்தில் ஒன்றுமில்லை என்பது சரி. ஆனால் கேள்வி எழும்போது மூலக் கோப்பைக் காட்டு என்று கேட்பதற்கு, காட்டக்கூடிய ஒன்று இருந்தாக வேண்டும். எரேசரால் செய்தவரிடம் நேர்மை இருந்தாலும் ஆதாரம் இருக்காது. நேர்மையானவர் தன் நேர்மையை நிறுவும் வாய்ப்பை மாஸ்க் தருகிறது. அதைச் சேமித்து வைக்கும் ஒழுங்கு மனிதரிடம்தான் இருக்க வேண்டும்.

மூன்றாவதாக, செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட பிறகு இதையெல்லாம் எதற்குக் கற்க வேண்டும் என்கிறார்கள். வானத்தையும் ஆளையும் ஒரு சொடுக்கில் பிரிக்கும் வசதி 2021-இல் லைட்ரூமில் வந்துவிட்டது. மெட்டா நிறுவனம் 2023-இல் வெளியிட்ட பொருள் பிரிக்கும் நிரல், 1 கோடியே 10 லட்சம் படங்களில் நூறு கோடிக்கும் மேற்பட்ட மாஸ்க்குகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டது. ஆனால் இந்தக் கருவிகள் கடைசியில் கையில் கொடுப்பது என்ன? ஒரு மாஸ்க்தான். இயந்திரம் அதை விரைவாகப் போடுகிறது; சரியாகப் போட்டதா என்று பார்ப்பது நம் வேலை. வெள்ளைச் சுவருக்கு முன் நரைமுடியையும், வெளுத்த வானத்துக்கு முன் கருவேலத்தின் இலையையும் பிரிப்பதில் இயந்திரம் தடுமாறும்போது, சாம்பல் பிரஷ்ஷை எடுத்துத் திருத்தத் தெரிந்தவருக்கே அந்தக் கருவி முழுப்பயன் தரும். இயந்திரம் முடிவெடுக்கும் காலத்தில், அந்த முடிவு திறந்து பார்க்கக் கூடியதாக, தனியாக இருக்க வேண்டிய தேவை முன்பைவிடக் கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

மாஸ்க்குக்கு எல்லையும் உண்டு. அதைச் சொல்லாமல் புகழ்வது தவறு. மாஸ்க் இருப்பதை மறைக்கும், மறைத்ததைத் திருப்பிக் காட்டும், இல்லாததைக் கொண்டுவராது. வானத்தின் மூன்று எண்களும் 255 என்று முட்டி நின்றுவிட்டால் அங்கே மேகம் இருந்ததா என்பது கோப்புக்கே தெரியாது. எவ்வளவு நுணுக்கமாக மாஸ்க் போட்டு இருட்டாக்கினாலும் வெள்ளை சாம்பலாகும், மேகமாகாது. இதற்கான மருந்து படமெடுக்கும் வேளையிலேயே இருக்கிறது. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள். உச்சிவெயிலில் ராவாக, வானம் முட்டாத அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்து எடுத்தால், நிழலை மாஸ்க்கின் துணையோடு பிறகு மீட்கலாம். பதிவை அழிக்காமல் காப்பதற்கு முன்பு, பதிவு நல்லதாக இருக்க வேண்டும்.

இனி, இந்த நிலத்துக்கு உயிர்நாடியான ஓர் இடத்தில் இதே கணக்கு என்ன செய்கிறது என்று பார்ப்போம். விருதுநகர் மாவட்டத்தின் இந்தக் கிழக்குப் பகுதியில் விவசாயம் வடகிழக்குப் பருவமழையையும் அது நிரப்பும் கண்மாய்களையும் நம்பி நிற்கிறது. எந்தக் கண்மாயில், எப்போது, எவ்வளவு தண்ணீர் என்பதை ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் படங்களிலிருந்து கணக்கிட முடியும். இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து ஐந்து நாளுக்கொருமுறை ஒரே இடத்தைப் படமெடுக்கின்றன. அவற்றின் படங்களை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளலாம். தண்ணீரைப் பிரிக்க மெக்ஃபீட்டர்ஸ் என்பவர் 1996-இல் முன்வைத்த ஒரு குறியீடு இன்றும் பயன்படுகிறது. தண்ணீர் பச்சை ஒளியை ஓரளவு திருப்பி அனுப்பும், கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பைப் பெரும்பாலும் உறிஞ்சிவிடும். மண்ணும் இலையும் அகச்சிவப்பை நிறையத் திருப்பி அனுப்பும். பச்சையிலிருந்து அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால், தண்ணீருக்கு நேர்எண்ணும் நிலத்துக்கு எதிர்எண்ணும் வரும். உதாரணத்துக்கு, பச்சை 8 சதவீதம், அகச்சிவப்பு 3 சதவீதம் திரும்பினால் விடை ஏறக்குறைய 0.45, அது தண்ணீர். பச்சை 12, அகச்சிவப்பு 28 என்றால் விடை மைனஸ் 0.4, அது காய்ந்த நிலம். எல்லைக்கோட்டு எண் ஒன்றை வைத்து இந்த விடைகளை வெள்ளை, கறுப்பாக்கினால் கிடைப்பது தண்ணீர் மாஸ்க். பனையோலையைப் பிரிக்க நீலச் சேனலை எடுத்த அதே உத்தி.

அந்த உத்திக்கு வந்த அதே சிக்கல்களும் இங்கே வருகின்றன, விளைவு மட்டும் பெரிது. இந்தப் படத்தில் ஒரு பிக்சல் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். கண்மாயின் ஓரத்திலுள்ள பிக்சலில் பாதி தண்ணீர், பாதி சேறு. அது வெள்ளையா, கறுப்பா? சரியான விடை சாம்பல். ஆல்ஃபா என்ற எண் பிறந்ததே இதற்காகத்தான். நாலு கிலோமீட்டர் நீர்விளிம்புள்ள ஒரு கண்மாயில், விளிம்புப் பிக்சல்களை எல்லாம் தண்ணீர் என்று எடுப்பதற்கும் எல்லாவற்றையும் நிலம் என்று தள்ளுவதற்கும் உள்ள வேறுபாடு 40,000 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 10 ஏக்கர். உள்வாயில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தால் தண்ணீருக்கு மேல் இலைதான் செயற்கைக்கோளுக்குத் தெரியும். தண்ணீர் நிற்கும் இடத்தை மாஸ்க் நிலம் என்று எழுதிவிடும். மேகம் இன்னொரு சிக்கல். கண்மாய் நிறைவது ஐப்பசி, கார்த்திகையில். வானம் மூடிக் கிடப்பதும் அப்போதுதான். மேகம் மறைத்த பிக்சல்களை மேக மாஸ்க் தனியே குறித்து வைக்கிறது. அந்த இடத்துக்கு விடை, தெரியாது என்பது. அதைத் தண்ணீர் இல்லை என்று கணக்கில் சேர்த்துவிட்டால் நிறைந்த கண்மாய் அட்டவணையில் வறண்டதாகிவிடும். மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1-இன் ரேடார் படத்தை வைத்து அந்த ஓட்டையை நிரப்பலாம். ஓட்டை எங்கே இருக்கிறது என்று மாஸ்க் சொன்னால்தான் அதுவும் முடியும்.

இந்தக் கணக்குகளில் தவறே நேராது என்று யாரும் உறுதி தர முடியாது. உலகின் நிலமேல் நீர் முழுவதையும் 1984 முதல் 2015 வரையிலான முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட லாண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களிலிருந்து வரைந்து 2016-இல் வெளியிட்ட ஐரோப்பிய ஆய்வுக்குழு கூட, பிக்சல் ஒன்று முப்பது மீட்டர் என்ற வரம்புக்குள்தான் வேலை செய்தது. ஆனால் ஒரு விவசாயியோ ஊராட்சித் தலைவரோ, எங்கள் கண்மாயில் தண்ணீர் இருந்ததே, உங்கள் வரைபடத்தில் ஏன் இல்லை என்று கேட்டால், பதில் சொல்ல ஒரு வழி இருக்க வேண்டும். மூலப்படமும் மாஸ்க்கும் தனித்தனியே இருந்தால், தவறு மேகத்தாலா, கருவேலத்தாலா, எல்லைக்கோட்டு எண்ணை உயர்த்தி வைத்ததாலா என்று சேர்ந்து பார்த்துத் திருத்தலாம். முடிவு மட்டும் நீலநிற வரைபடமாக வந்து, மூலம் காணாமல் போயிருந்தால், கேட்டவர் கேள்வியோடு திரும்ப வேண்டியதுதான். ஸ்டுடியோவில் துண்டைத் தொலைத்த எரேசரும், மாஸ்க்கை வெளியிடாத வரைபடமும் செய்யும் தவறு ஒன்றே. நம்மால் மறுபடி பார்க்க முடியாத முடிவை நம் மேல் சுமத்துகின்றன.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. கணினிப் பயிற்சி மையங்களிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பட மென்பொருளைக் கற்றுத்தரும்போது எரேசருக்கு முன்னால் மாஸ்க்கைக் கற்றுத்தர வேண்டும். பணம் கொடுத்து மென்பொருள் வாங்க முடியாதவருக்குக் கிம்ப் இருக்கிறது. ஸ்டுடியோக்கள் அச்சுக்குப் போகும் ஜேபெக்கோடு லேயர்கள் உள்ள கோப்பையும் தேதியிட்டு வைத்திருக்க வேண்டும். பழைய குடும்பப் படங்களைச் செப்பனிடுபவர்கள் ஸ்கேன் செய்த மூலத்தைத் தொடாமல் கீழே விட்டு, கீறலையும் பூஞ்சையையும் நீக்கும் வேலையை மேல் லேயரில் மட்டும் செய்ய வேண்டும். முகத்தின் எந்தப் பகுதி பழைய தாளிலிருந்து வந்தது, எந்தப் பகுதி நம் ஊகம் என்பது பேரப்பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும். கண்மாய்களின் நிலையை வரைபடமாக வெளியிடும் அரசுத் துறைகளும் ஆய்வாளர்களும் தண்ணீர் மாஸ்க்கையும் மேக மாஸ்க்கையும் எல்லைக்கோட்டு எண்ணையும் அதோடு சேர்த்தே வெளியிட வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்போ பெரிய செலவோ தேவையில்லை. 0-க்கும் 255-க்கும் இடையில் இன்னோர் எண்ணை ஒவ்வொரு பிக்சலுக்கும் சேமித்து வைத்தால் போதும். அதைச் சேமித்தவர், தான் செய்த திருத்தத்துக்குப் பொறுப்பேற்கிறார்; அதைப் பார்ப்பவருக்குத் திருப்பிக் கேட்கும் உரிமை கிடைக்கிறது.